சீட்டுன்னா ஏலச்சீட்டு இல்லைங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சீட்டு'. உடனே நாலு பேரு நிமிர்ந்து உட்கார்றீங்க. நம்ம ஊருல சீட்டுன்னா ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு. நான் அதைப் பேச வரலைங்க. 52 சீட்டு இருக்குதில்ல, ராஜா ராணி படம் போட்டது, அதைப் பத்திப் பேச வந்திருக்கேன். அதுலயும் மூணே மூணு சீட்டைப் பத்தி.

மகளிர் குழு விழாவுல எதுக்கு இந்தப் பேச்சுன்னு தோணும். காரணம் இருக்குது. எங்க குழுவுல ஒரு தங்கச்சி. பேரு வேண்டாம், சொல்லறதுக்கு அவகிட்டயே அனுமதி வாங்கிட்டுத்தான் வந்தேன். கறவை மாடு வாங்க 60,000 ரூபா கடன் எடுத்தா. அவ வீட்டுக்காரரு தறி ஓட்டறவரு, குடிக்கிற பழக்கம் கிடையாது, பீடி கூடக் கிடையாது. மாட்டுச் சந்தைக்குக் காலையில இருட்டோட கிளம்பினாரு. பஸ்ஸை விட்டு இறங்கின இடத்துல ஒரு புளியமரம், அதுக்கடியில பத்துப் பேரு கூட்டமா நிக்கறாங்க. எட்டிப் பாத்தாரு. ஒருத்தன் தரையில சாக்கை விரிச்சு மூணு சீட்டைப் போட்டு மாத்தி மாத்தி வைக்கறான். "வை ராஜா வை, ஒண்ணு வச்சா ரெண்டு, ராணி எங்கேன்னு காட்டினா ரெண்டு மடங்கு." அரை மணி நேரத்துல 23,000 ரூபா போயிடுச்சு.

வீட்டுக்கு வந்து பஸ்ஸுல யாரோ பிக்பாக்கெட் அடிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டாரு. நாலு நாளு சோறு இறங்கலை. அஞ்சாம் நாள்தான் பொண்டாட்டிகிட்ட நடந்ததைச் சொன்னாரு.

குழுக் கூட்டத்துல அது வந்தப்போ எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். "சூதாடின பணத்துக்கு நாங்க பொறுப்பா?"ன்னு ஒருத்தர். "இவளை எடுத்துட்டு வேற ஆளைப் போடலாம்"னு இன்னொருத்தர். அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்குதுங்க. ஒருத்தி தவணை கட்டலைன்னா மத்த பதினோரு பேரு அடுத்த கடனுக்குத்தானே அடி விழும். அவ மாமியாரு வேற, "இந்தக் குழுவுல சேந்து கடன் வாங்கினதாலதான் இந்தக் கதி"ன்னு தெருவுல நின்னு பேசுச்சு. தங்கச்சி வாயே திறக்கலை. சேலை முந்தானையைத் திருகிட்டு உட்கார்ந்திருந்தா.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சூதாடறவரு இல்லை, விவரம் தெரிஞ்ச மனுசன், தறிக் கணக்குல அஞ்சு ரூபா விடமாட்டாரு. அவரு எப்படி அரை மணி நேரத்துல 23,000 ரூபாயை விட்டாரு? அது தெரியாம யாரை எடுத்துப் போட்டு என்ன ஆகப் போகுது, அடுத்த மாசம் உங்க வீட்டுல நடக்கும்.

அங்கதான் எங்களுக்கு மேஜிக் அண்ணன் ஞாபகம் வந்தாரு. பக்கத்து ஊருக்காரரு. பகல்ல நாமக்கல் லாரிப் பட்டறையில பெயிண்ட் அடிக்கிற வேலை. நோம்பி வந்தாலோ பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தாலோ கறுப்புக் கோட்டைப் போட்டுட்டு மேஜிக் காட்ட வந்துடுவாரு. நீங்களும் பாத்திருப்பீங்க, காதுல இருந்து முட்டை எடுப்பாரு. நாமக்கல்காரரு முட்டை எடுக்காம வேற என்னத்தை எடுப்பாரு. அவருக்குச் சூதாட்டத்துல நடக்கிற திருட்டு வேலை எல்லாம் அத்துப்படி. ஆனா ஒரு பைசா வெச்சு ஆடமாட்டாரு. "கை வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான் அம்மிணி. நான் ஏமாத்தப் போறேன்னு முதல்லயே சொல்லிட்டு ஏமாத்தறேன், அவன் சொல்லாம ஏமாத்தறான்"னாரு.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே கூப்பிட்டோம். வந்தாரு. பாயில உட்கார்ந்தாரு. மூணு சீட்டை எடுத்தாரு, ஆட்டின் ராணி ஒண்ணு, கறுப்புச் சீட்டு ரெண்டு. எங்ககிட்ட ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, "வைங்க"ன்னாரு. நாங்க பன்னிரண்டு பேரு, படிச்சவங்க, படிக்காதவங்க, ஊர்க் கணக்கெல்லாம் பாக்கறவங்க. பத்தே நிமிசத்துல அத்தனை புளியங்கொட்டையும் அவரு மடியில.

அப்புறம் மெதுவா, ஒவ்வொண்ணாக் காட்டினாரு. நான் சொல்லறதைக் கவனமாக் கேளுங்க, கையில சீட்டு இருந்தா நல்லா விளங்கும்.

வலது கையில ரெண்டு சீட்டு பிடிக்கறான். ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே, நடுவுல கொஞ்சம் இடைவெளி. கீழே இருக்கறது ராணின்னு நமக்குக் காட்டறான். இடது கையில மூணாவது சீட்டு. இப்பக் கையை வீசிக் கீழே போடறான். கீழே இருக்கிற சீட்டுத்தானே முதல்ல விழும்? நம்ம கண்ணு அப்படித்தான் நினைக்கும். அவன் ஒரு விரலை இறுக்கி ஒரு விரலைத் தளர்த்தறான், மேலே இருக்கிற சீட்டு விழுந்துடும். நாம ராணின்னு நினைச்சு அந்தச் சீட்டையே கண்ணு கொட்டாமப் பாத்துட்டு இருப்போம். எவ்வளவு கூர்மையாப் பாக்கறமோ அவ்வளவு உறுதியாத் தப்பான சீட்டு மேலயே கை வைப்போம். சும்மா வேடிக்கை பாக்கறவன்கூட குருட்டாம்போக்குல மூணுல ஒரு தடவை சரியாச் சொல்லிடுவான். கவனமாப் பாக்கறவன்தான் ஒவ்வொரு தடவையும் தோப்பான்.

கை வேலை இவ்வளவுதான். மீதி எல்லாம் ஆளு வேலை. சுத்தி நிக்கற பத்துப் பேருல ஆறு ஏழு பேரு அவன் ஆளுங்க. ஒருத்தன் வெச்சு ஜெயிச்சுட்டே இருப்பான். ஒருத்தன் வெவரம் தெரியாதவன் மாதிரி தப்புத் தப்பா வைப்பான், பாக்கற நமக்கு "இது கூடத் தெரியலையா இவனுக்கு"ன்னு தோணும். ஒருத்தன் ரோட்டைப் பாத்துட்டே நிப்பான், போலீஸ் வண்டி வந்தாக் குரல் கொடுக்க. நாம வெச்சது தெரியாத்தனமாச் சரியான சீட்டா இருந்திருச்சுன்னா? அதுக்கும் வழி வெச்சிருக்கான். கூட்டாளி ஒருத்தன் சட்டுன்னு வேற சீட்டு மேல ரெண்டு மடங்கு பணம் வைப்பான். "பெரிய பணத்துக்குத்தான் ஆட்டம்"னு நம்ம காசைத் திருப்பிக் கொடுத்துடுவான். இல்லைன்னா "போலீஸ்"னு ஒரு சத்தம், சாக்கைச் சுருட்டிட்டு எல்லாரும் ஓடிடுவாங்க.

இதெல்லாத்தையும் விட மோசமான ஒண்ணை அண்ணன் கடைசியாக் காட்டினாரு. சீட்டு போடறவன் அந்தப் பக்கம் திரும்பி யார்கிட்டயோ பேசறான். அந்த நேரம் பாத்துக் கூட்டாளி ஒருத்தன் ராணியோட மூலையை லேசா மடிச்சு விடறான். நம்மளைப் பாத்துக் கண்ணடிக்கறான். "அண்ணே, மூலை மடிஞ்சிருக்குது பாருங்க, அவனுக்குத் தெரியாது, வைங்க." சீட்டு போடறவன் ஒண்ணுமே தெரியாத மாதிரி திரும்பி, சீட்டை எடுத்துப் போடறான். போடற அந்த ஒரு நொடியில ராணியோட மடிப்பை நிமித்திட்டு, கறுப்புச் சீட்டோட மூலையை மடிச்சுடுவான். நாம கையில இருக்கறது மொத்தமும் எடுத்து மடிஞ்ச சீட்டு மேல வைப்போம்.

அண்ணன் இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வெளியில திண்ணையில இருந்து ஒரு குரல். "அதேதானுங்க." தங்கச்சி வீட்டுக்காரரு. உள்ளே வரக் கூச்சப்பட்டுட்டுத் திண்ணையிலயே உட்கார்ந்து கேட்டுட்டு இருந்திருக்காரு. முதல்ல 500, அப்புறம் 2,500, ரெண்டும் போச்சு, விட்டதைப் பிடிக்கணும்னு நின்னிருக்காரு. அப்பத்தான் ஒருத்தன் மூலையைக் காட்டிக் கொடுத்திருக்கான். 20,000 ரூபாயை அதுல ஒரே தடவையா வெச்சுட்டாரு.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இந்த இடந்தான். ஏமாத்தறவன் நம்ம ஆளை முதல்ல கூட்டுக் களவாணி ஆக்கிடறான். "நாம அவனை ஏமாத்தப் போறோம்"னு இவரு நினைச்சுட்டாரு. அப்புறம் எப்படிப் போலீஸுக்குப் போவாரு, எப்படிப் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவாரு? நானும் திருட்டுத்தனமா ஆடித்தான் தோத்தேன்னு எந்த வாயால சொல்லறது? அதுக்கு மேல, நம்ம தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டம் 1930-ல வந்தது, அதுல ஆட்டம் வைக்கறவன் மட்டுமில்லை, ஆடறவன் மேலயும் வழக்கு வரும். அந்தப் பயம் வேற. வெட்கமும் பயமும் சேந்து வாயை அடைச்சுடுது. அவனுக்கு 23,000 கிடைச்சதை விட, இவரு வாயைத் திறக்கமாட்டாருங்கறதுதான் பெரிய லாபம். அடுத்த வாரமும் அதே மரத்தடியில சாக்கை விரிக்கலாமே.

அன்னைக்கு அவரு அண்ணன்கிட்டக் கேட்டதை மறக்க முடியாதுங்க. "அப்ப நான் கண்ணால சரியாத்தான் பாத்தனா?"ன்னாரு. "சரியாத்தான் பாத்தீங்க, உங்க கண்ணுல கோளாறு இல்லை"ன்னாரு அண்ணன். அந்த மனுசன் முகத்துல பத்து நாளைக்கப்புறம் கொஞ்சம் தெளிவு வந்துச்சு.

மேஜிக் அண்ணனுக்கு இதுல ஒரு குரு இருக்காரு. நேர்ல பாத்ததில்லை, புத்தகத்துல படிச்ச குரு. அமெரிக்காக்காரரு, பேரு ஜான் ஸ்கார்ன். அண்ணன் சொன்னதும் என் மகள்கிட்டச் சொல்லிப் போன்ல தேடச் சொல்லி, அவ படிச்சுப் படிச்சுச் சொல்ல நான் எழுதி வெச்சுக்கிட்டேன்.

1903-ல பிறந்தவரு. அப்பா அம்மா இத்தாலியில இருந்து பிழைக்க வந்தவங்க. நியூ ஜெர்சிங்கற பக்கம் வளர்ந்தாரு. சின்ன வயசுலயே அந்த ஊருல இருந்த ஒரு சீட்டுத் திருடன்கிட்ட இந்த மூணு சீட்டு வித்தையைத்தான் முதல்ல கத்துக்கிட்டாரு. கை அபாரமாப் பழகிடுச்சு. சூதாட்டத்துல ஏமாத்தியே பெரிய ஆளாயிடலாம்னு இருந்தவரை அவங்க அம்மா மாத்தினாங்க. ரொம்ப பக்தியான அம்மா. கையில இருக்கிற வித்தையை மேஜிக்குக்குத் திருப்புன்னு பையனைத் திருப்பி விட்டுட்டாங்க. நான் இதைக் கேட்டப்போ அந்த அம்மாவைத்தான் நினைச்சேன். அவங்க வித்தையை விட்டுடுன்னு சொல்லலை பாருங்க. நாமளா இருந்தா சீட்டைப் பிடுங்கி அடுப்புல போட்டிருப்போம்.

அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு. லட்சக்கணக்கான பட்டாளத்துப் பையனுங்க, கையில மாசச் சம்பளம், பொழுது போக வழியில்லை, சீட்டும் பகடையும் உருட்டுவாங்க. அதுக்குள்ள திருட்டுப் பகடையோட ஏமாத்தறவங்க புகுந்துட்டாங்க. ஸ்கார்ன் ஒவ்வொரு பட்டாள முகாமாப் போயி, அந்தத் திருட்டெல்லாம் எப்படிப் பண்ணறாங்கன்னு மேடையில நின்னு காட்டினாரு. 'யாங்க்'னு பட்டாளத்துக்காரங்களுக்குன்னே வந்த வாரப் பத்திரிகையிலயும் எழுதினாரு. 1945-ல பகடையைப் பத்தி, 1949-ல சீட்டைப் பத்தின்னு புத்தகம் போட்டாரு. 1973-ல 'தி ஸ்டிங்'னு ஒரு இங்கிலீஷ் படம், அதுல கதாநாயகன் சீட்டைக் கலைக்கிற மாதிரி வரும். பக்கத்துல காட்டற கை மட்டும் இவரு கையாம். அப்போ இவருக்கு எழுபது வயசு. 1985-ல காலமாயிட்டாரு.

நம்ம பக்கத்துலயும் அந்த வழியில வந்தவரு ஒருத்தர் இருந்தாரு. கோயமுத்தூர் போத்தனூர்ல இருந்த பி. பிரேமானந்த். அவரும் மேஜிக்காரரு, 2009-ல காலமானாரு. சூதாட்டத்தைப் பத்தி இல்லை, மந்திரம் தந்திரம்னு சொல்லிக் காசு பறிக்கறவங்களைப் பத்தி ஊரூராப் போயி அதே வித்தையைத் தானே செஞ்சு காட்டினவரு. சாம்பலைக் கஞ்சி விட்டு உருண்டையாப் பிடிச்சுக் காய வெச்சு, விரல் இடுக்குல ஒளிச்சுக்கிட்டா, வெறுங்கையில இருந்து திருநீறு கொட்ட வைக்கலாம். சாமி கும்பிடறது வேற, இது வேற. எங்க வீட்டுல நான் வெள்ளிக்கிழமை தவறாம விளக்கேத்தறவதான்.

பகடைக்கு வர்றேன். நம்ம பக்கம் நோம்பியில லங்கர் கட்டைன்னு வைப்பாங்களே, ஆறு படம் போட்ட துணி, மூணு கட்டை, தகர டப்பாவுல போட்டுக் குலுக்கறது. அதுல திருட்டுக் கட்டை எப்படின்னு அண்ணன் காட்டினாரு. ஒரு வகை, ஒரு பக்கம் ஈயம் வெச்சு அடைச்சது. தம்ளர்ல தண்ணியை ஊத்தி அதுக்குள்ள கட்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா, எப்பவும் ஒரே பக்கந்தான் மேலே வரும். இன்னொரு வகை அதை விடக் கில்லாடி. ஆறு பக்கத்துக்கும் ஆறு படம் இருக்கறதுக்குப் பதிலா மூணே படம், ஒவ்வொண்ணும் எதிரெதிர்ப் பக்கத்துல ரெண்டு தடவை. ஒரு கட்டையை எந்த இடத்துல நின்னு பாத்தாலும் ஒரே சமயத்துல மூணு பக்கத்துக்கு மேல தெரியாது. அதனால யாருக்கும் சந்தேகமே வராது. வீட்டுல தாயக்கட்டை வெச்சிருப்பீங்க, பிள்ளைங்க ஆடற லூடோ கட்டை இருக்கும், எடுத்துப் பாருங்க, மூணு பக்கம்தான் தெரியும்.

சரி, திருட்டே இல்லாத நல்ல கட்டைன்னா ஆடலாமா? இதை எங்க குழுப் பொருளாளர் அக்கா விடலை. கரும்பலகையில கணக்குப் போட்டுட்டாங்க. நாங்க எல்லாம் பத்தாவது வரைக்கும் போட்ட கணக்கு எங்க போயிடும்.

ஆறு படத்து மேலயும் ஆளுக்கு ஒரு ரூபா வெச்சாச்சுன்னு வெச்சுக்குங்க, மொத்தம் ஆறு ரூபா. மூணு கட்டை விழற விதம் ஆறு ஆறு ஆறுன்னு பெருக்கினா 216. அதுல 120 தடவை மூணும் வேற வேற படமா விழும். மூணு பேருக்கு ஒரு ரூபா கொடுப்பான், மூணு பேருகிட்ட எடுப்பான், அவனுக்கு மிச்சம் இல்லை. 90 தடவை ரெண்டு கட்டை ஒரே படமா விழும். அப்ப ஜோடிக்கு ரெண்டு ரூபா, ஒத்தைக்கு ஒரு ரூபான்னு மூணு கொடுப்பான், நாலு பேருகிட்ட எடுப்பான், ஒரு ரூபா மிச்சம். 6 தடவை மூணுமே ஒரே படம். ஒருத்தருக்கு மூணு கொடுப்பான், அஞ்சு பேருகிட்ட எடுப்பான், ரெண்டு ரூபா மிச்சம். கூட்டினா 90-ம் 12-ம் 102 ரூபா. வெச்ச பணம் 1,296 ரூபா. நூத்துக்குக் கிட்டத்தட்ட எட்டு.

நம்ம குழுவுல உள்கடனுக்கு நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, அதுவும் மாசத்துக்கு. அதுக்கே "கொஞ்சம் குறைக்கக் கூடாதா"ன்னு கேக்கறோம். அங்க ஒவ்வொரு உருட்டுக்கும் எட்டு ரூபா. ஒரு உருட்டுக்கு ஒரு நிமிசம் ஆகுமா? ஜோடி விழுந்தா ரெண்டு பங்குன்னு அவன் சத்தமாக் கூவறானே, அந்த ஜோடியிலதான் அவனுக்கு லாபமே. ஸ்கார்னும் சூதாட்டக்காரங்களுக்கு இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு, திருட்டு இல்லாத ஆட்டத்துலயும் ஆட்டம் வைக்கறவனுக்குன்னு ஒரு பங்கு ஒதுங்கிக்கிட்டே இருக்கும்னு.

நம்ம ஊருகள்ல பாரதக் கூத்து வைக்கறாங்க. சூது துகில் அன்னைக்கு ராத்திரி பொம்பளைங்கதான் முன்னாடி உட்காருவோம். சகுனி உருட்டற பகடை அவங்கப்பன் எலும்புல செஞ்சதுன்னு கூத்துல சொல்லுவாங்க. எல்லாரும் தருமனைப் பாத்து அழுவாங்க. எனக்கு இப்பல்லாம் சகுனி கை மேலதான் கண்ணு போகுது. தருமன் ஆடினது தப்புதான், அதை நான் மறுக்கலை. ஆனா நாடு போயி தம்பிங்க போயி கடைசியில பணயமா நின்னது திரௌபதி, அவளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவும் இல்லை, ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை. எங்க தங்கச்சி குழுக் கூட்டத்துல முந்தானையைத் திருகிட்டு உட்கார்ந்திருந்தப்போ எனக்கு அதுதான் மனசுல ஓடுச்சு. கடன் பத்திரத்துல இருந்த கையெழுத்து அவளோடது.

இப்பப் போனுக்கு வந்துடுச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரிச் சீட்டைத் தடை பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி எங்கப்பா காலத்துல பஸ் ஸ்டாண்டுல கொத்துக் கொத்தாத் தொங்கும். அது போச்சுன்னு நிம்மதியா இருந்தோம், செல்போனுக்குள்ள ரம்மி வந்து உட்கார்ந்துக்குச்சு. தறிக் குடோன்ல ராத்திரி ஷிப்டு பாக்கற பையனுங்க, லாரியில போற கிளீனர் பசங்க, கோழிப்பண்ணையில வேலை பாக்கறவங்க, எல்லார் கையிலயும் போன் இருக்குது.

மேஜிக் அண்ணன்கிட்ட, "இதுல எப்படித் திருடறாங்கன்னு காட்டுங்க"ன்னு கேட்டோம். கையை விரிச்சுட்டாரு. "சாக்கு விரிச்சு உட்கார்ந்தவனுக்குக் கை இருக்குது, முகம் இருக்குது, நான் காட்டிக் கொடுக்க முடியும். இங்க எதிர்ல ஆடறது ஆளா, மிசினான்னே தெரியாது. சீட்டைக் கலைக்கறது யாருன்னு தெரியாது"ன்னாரு. ஆனா ஆளை இழுக்கற முறை அதேதானாம். முதல்ல சேந்ததும் சும்மா கொஞ்சம் காசு போடறது, முதல் ரெண்டு மூணு ஆட்டம் ஜெயிக்கறது, யாரோ லட்சம் ஜெயிச்சாங்கன்னு திரையில ஓடிட்டே இருக்கறது. மரத்தடியில ஜெயிச்சுட்டே இருந்தானே ஒருத்தன், அவன்தான் அது.

சட்டம் வர்றதுக்குள்ள படாத பாடு. 2020 நவம்பர்ல அரசு தடை போட்டுச்சு. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. 2022-ல ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அய்யா தலைமையில குழு போட்டு, சட்டசபையில புதுச் சட்டம் நிறைவேத்தினாங்க. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கும் வழக்கு, ரம்மி திறமை விளையாட்டுன்னு. கடைசியா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துலயே பணம் வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்தையும் தடை பண்ணிச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க. ஆட்டம் நடத்தறவங்களுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம்.

இதுல நமக்கு வேண்டியது ஒண்ணு இருக்குது, நல்லாக் கேட்டுக்குங்க. அந்தச் சட்டத்துல ஆடி ஏமாந்தவங்களுக்குத் தண்டனை கிடையாது. அதனால உங்க வீட்டுப் பையனோ வீட்டுக்காரரோ ஏதோ ஒரு லிங்க்கைத் தொட்டுப் பணத்தை விட்டுட்டா, மூடி மறைக்க வேண்டியதில்லை. 1930-ங்கற எண்ணுக்கு உடனே போன் பண்ணணும். எவ்வளவு சீக்கிரம் பண்ணறமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்குது. பழைய சூதாட்டச் சட்டம் வந்த வருசமும் 1930, புகார் எண்ணும் 1930. எனக்கு இப்படித்தான் மனசுல நிக்குது, உங்களுக்கும் நிக்கட்டும்.

எங்க தங்கச்சி விசயம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எடுத்துப் போடலாம்னு சொன்ன அக்காவே அடுத்த கூட்டத்துல, "மூணு மாசம் உள்கடன்ல இருந்து தவணையைக் கட்டிக்கலாம், அப்புறம் அவ கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பட்டும்"னு சொன்னாங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதிப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மீதி இருந்த 37,000-க்கு ஒரு சினைக் கிடாரி வாங்கினாங்க. இந்தத் தடவை சந்தைக்குப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போனாங்க. கிடாரி கன்னு போட்டு இப்பச் சொசைட்டிக்குப் பால் ஊத்தறா. இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்குது. அவ மாமியாரு இன்னும் குழுவைத் திட்டிட்டுத்தான் இருக்குது, ஆனா பால் கணக்கு நோட்டு அது கையிலதான்.

அந்த மரத்தடிக்காரங்க அதுக்கப்புறமும் ஒரு நாள் சாக்கு விரிச்சிருக்காங்க. தங்கச்சி வீட்டுக்காரரு அந்தப் பக்கமாப் போனவரு, வேடிக்கை பாத்துட்டு நின்ன ஒரு பெரியவரு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்து எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. நாலு மாசத்துக்கு முன்னாடி வாயே திறக்காத மனுசன்.

அடுத்த மாசக் கூட்டமைப்புக் கூட்டத்தன்னைக்குப் பொழுதோட ஆறு மணிக்கு மேஜிக் அண்ணன் நம்ம கட்டடத்துக்கே வர்றாரு. மூணு சீட்டு, லங்கர் கட்டை, ரெண்டும் காட்டுவாரு. கூட்டாளி வேசம் கட்டறதுக்கு ஆளு வேணும்னாரு, தங்கச்சி வீட்டுக்காரரு நானே வர்றேன்னு சொல்லிட்டாரு. வீட்டு ஆம்பளைங்களையும், பெரிய பசங்களையும் கூட்டிட்டு வாங்க. காசு எடுத்துட்டு வர வேண்டாம், புளியங்கொட்டை வெச்சுத்தான் ஆட்டம். அது நம்ம பொருளாளர் அக்கா வீட்டுல ஒரு முறம் இருக்குது.